புரண்டு படுப்பதே பெரும்பாடா? கர்ப்பகால இடுப்பு வலி எங்கிருந்து வருகிறது, எப்படிச் சமாளிப்பது

ஏழாம் மாதம். ராத்திரி இடதுபக்கம் படுத்திருந்தவள் வலதுபக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தியதும் தொடைகள் சேரும் இடத்தில், முன்பக்க எலும்பில், ஆப்பு வைத்து அடித்த மாதிரி ஒரு வலி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பற்றி இழுத்து, பாதி திரும்பி, நின்று, மறுபடி இழுத்து, ஒரு வழியாகத் திரும்பி முடித்தபோது தூக்கம் முழுதும் கலைந்திருந்தது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னேன். “கர்ப்பம்னா இடுப்பு வலிக்கத்தான் செய்யும், குழந்தை பிறந்ததும் சரியாயிடும்” என்று பதில் வந்தது. அதோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அடிமுதுகிலோ இடுப்பிலோ வலி வருகிறது. ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு வளையத்தின் மூட்டுகளிலேயே வலி இருக்கிறது என்று 2008-ல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. பெரும்பாலானோருக்குப் பிரசவத்துக்குப் பின் குறைந்தும் விடுகிறது. ஆனால் ‘எல்லோருக்கும் வருவதுதான்’ என்பதிலிருந்து ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பதற்கு எப்படித் தாவினார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். செய்ய நிறைய இருக்கிறது. ஏன் வலிக்கிறது என்பது புரிந்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பதில் முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால் முதலில் அந்த ‘ஏன்’, அப்புறம் மற்றது.

ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் இடுப்புப் பட்டை கட்டும் கோட்டுக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டிப் போகிறதா? அது அடிமுதுகு வலி. கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் வரும் அதே வகைதான். குனிந்தால், ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்தால் அல்லது நின்றால் கூடும். விரல் அந்தக் கோட்டுக்குக் கீழே, பிட்டத்தின் மேல்பகுதியில் குழி விழும் இடத்துக்குப் போகிறதா, இல்லை முன்பக்கம் பிறப்புறுப்புக்குச் சற்று மேலே தட்டுப்படும் எலும்புக்குப் போகிறதா? அது இடுப்பு வளைய வலி. படியேறும்போது, ஒற்றைக் காலில் நின்று உள்ளாடை போடும்போது, கட்டிலில் புரளும்போது, வண்டியில் ஏறி இறங்கும்போது சுருக்கென்று பிடிக்கும். தொடையின் பின்புறமோ உள்புறமோ இறங்கவும் செய்யும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்கு நல்லது செய்வது இன்னொன்றைக் கிளப்பிவிடலாம். அடிமுதுகு வலிக்கு வேகமாக நடப்பது பலருக்கு நிம்மதி தரும். இடுப்பு வளைய வலி உள்ளவர் அதே நடையை நடந்துவிட்டு அன்றைக்கு ராத்திரி முழுக்க அவதிப்படுவார்.

காலில் இறங்கும் வலியை எல்லோரும் சயாட்டிகா என்று சொல்லிவிடுகிறோம். நரம்பு நசுங்கி வரும் உண்மையான சயாட்டிகா கர்ப்பத்தில் நூற்றில் ஒருவருக்கு வந்தால் அதிகம். அது முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போகும், மரத்துப்போகும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். தொடையோடு நின்றுவிடுகிற வலி பெரும்பாலும் மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் வருவது. சட்டென்று எழும்போதோ தும்மும்போதோ அடிவயிற்றின் ஓரத்தில் கீறின மாதிரி ஒரு நொடி வந்து போவது கருப்பையைத் தாங்கும் நார் இழுபடுவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது எலும்பு. இடுப்பு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வளையம். பின்னால் நடுவில் முக்கோண வடிவில் சாக்ரம் எலும்பு, அதன் இரண்டு பக்கமும் காது மடல் போல விரிந்த இடுப்பெலும்புகள். அந்த இரண்டும் வளைந்து முன்னால் வந்து, நடுவில் ஒரு குருத்தெலும்புத் துண்டோடு சேர்ந்துகொள்கின்றன. ஆக மூன்று இணைப்புகள்: பின்னால் இரண்டு சாக்ரோஇலியாக் மூட்டுகள், முன்னால் ஒரு பூப்பெலும்பு இணைப்பு. முழங்கால் மாதிரி மடங்கி நீளும் மூட்டுகள் இல்லை இவை. பின் மூட்டுகள் ஒன்றிரண்டு டிகிரி அசைந்தால் பெரிது. முன் இணைப்பின் இடைவெளி சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர்தான். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். மேல் உடம்பின் எடை முழுவதும் முதுகெலும்பு வழியாக இறங்கி, இந்த வளையத்தில் இரண்டாகப் பிரிந்து, கால்களுக்குப் போகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் அந்தப் பாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்றால் முழுப் பாரமும் ஒரு பக்கம் மட்டும் இறங்க, வளையம் திருகப்படுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

கர்ப்பத்தில் இந்த மூட்டுகள் தளரும் என்பது பழைய சங்கதி. ஹிப்போகிரட்டஸ் காலத்திலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். 1926-ல் ஃபிரடெரிக் ஹிசா என்ற ஆய்வாளர், கினிப்பன்றிகளுக்குச் செய்த பரிசோதனையில், மூட்டு நார்களைத் தளர்த்தும் ஒரு பொருள் கர்ப்பிணி விலங்குகளின் ரத்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் ரிலாக்சின் ஹார்மோன். அன்றிலிருந்து கர்ப்பகால இடுப்பு வலிக்கு எல்லோரும் சொல்லும் ஒற்றை வரி விளக்கம் ‘ரிலாக்சின் சுரக்கிறது, மூட்டு தளர்கிறது, வலிக்கிறது’ என்பதுதான். கேட்கச் சரியாக இருக்கிறது. ஆனால் மனிதர்களில் ரிலாக்சின் உச்சத்துக்குப் போவது முதல் மூன்று மாதம் முடியும் வாக்கில். அப்புறம் குறைந்து ஒரே மட்டத்தில் நிற்கிறது. வலி பலருக்கு அதிகமாவதோ ஐந்து, ஆறாம் மாதத்துக்கு மேல். ரத்தத்தில் ரிலாக்சின் அளவையும் வலியின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. ஹார்மோனுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அது மட்டுமே காரணம் என்றால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரே மாதிரி வலிக்க வேண்டுமே.

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்ட ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது, 2001-ல் வெளியானது. பின் மூட்டுகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று கர்ப்பிணிகளிடம் அளந்து பார்த்தார்கள். நிறையத் தளர்ந்தவர்களுக்கு நிறைய வலி இருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. இடது, வலது இரண்டும் சமமாகத் தளர்ந்திருந்தால் எவ்வளவு தளர்ந்தாலும் பெரிதாகத் தொந்தரவு இல்லை. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் தளர்ச்சியில் வித்தியாசம் இருந்தவர்களுக்குத்தான் வலியோடு தொடர்பு தெரிந்தது. ஒரு கதவை நினைத்துப் பாருங்கள். இரண்டு கீலும் ஒரே அளவு தளர்ந்தால் கதவு கொஞ்சம் ஆடும், ஆனாலும் திறந்து மூடும். ஒரு கீல் மட்டும் தளர்ந்தால் கதவு சாய்ந்து தரையில் உரசும்.

அதே நாட்டு ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் இன்னொரு விஷயத்தையும் விளக்கினார்கள். இடுப்பு வளையம் இரண்டு விதமாகப் பூட்டப்படுகிறது. ஒன்று, எலும்புகளின் வடிவமே ஒன்றோடொன்று பொருந்தி நிற்பது. இரண்டாவது, தசைகளும் நார்களும் சுற்றிலும் இழுத்துப் பிடித்து மூட்டை அழுத்தி வைப்பது: பிட்டத் தசை, வயிற்றின் உள்தசை, முதுகை ஒட்டிய ஆழமான தசைகள், அடித்தளத்தில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசை. கர்ப்பத்தில் நார் தளர்கிறது. வயிற்றுத் தசை வளரும் கருப்பைக்கு இடம் கொடுத்து நீண்டு, பிடிப்பு குறைந்துவிடுகிறது. அப்போது மற்றத் தசைகள் கூடுதலாக வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடிந்தவர் வலி தெரியாமல் ஒன்பது மாதத்தைக் கடத்துகிறார். ஏற்கனவே முதுகு வலி இருந்தவர், போன கர்ப்பத்திலும் இடுப்பு வலி வந்தவர், பாரம் தூக்கும் வேலை செய்பவர் போன்றோருக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லப்படுகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை, இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் எத்தனை வருட இடைவெளி என்பதற்கும் தொடர்பு இல்லை. உங்கள் மேல் பழியைப் போட யாராவது இதையெல்லாம் எடுத்தால் தாராளமாக மறுத்துச் சொல்லுங்கள்.

இந்தத் தசைப் பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு, பிசியோதெரபிஸ்டுகள் தினமும் செய்வது. மல்லாந்து படுத்து, கால்களைக் கொஞ்சம் அகற்றி வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மட்டும் 20 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். கால் கல்லாகக் கனக்கிறது, தூக்கவே வரவில்லை என்றால், இன்னொருவர் இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடிப்பார். மறுபடி தூக்கச் சொல்வார். பலருக்கு அந்தக் கால் அப்போது இலேசாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, நான் அழுதே விட்டேன். எலும்பு உடையவில்லை, எதுவும் பிளந்துகொள்ளவில்லை, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் இடுப்பு திண்டாடுகிறது என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

அடிமுதுகின் கதை வேறு. வயிறு முன்னால் வளர வளர உடம்பின் எடை மையம் முன்னால் நகர்கிறது. கவிழ்ந்து விழாமல் இருக்கப் பின்னால் சாய்ந்து நிற்கிறோம், அடிமுதுகின் வளைவு கூடுகிறது, முதுகுத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடித்தபடி இருக்கின்றன. மொத்தமாகக் கூடும் எடை, சராசரி உடல்வாகு உள்ளவருக்கு 11.5-லிருந்து 16 கிலோ வரை. இதற்கு உடம்பு ஓரளவு தயாராகவே இருக்கிறது என்பது ஆச்சரியமான செய்தி: 2007-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, அடிமுதுகின் வளைவுக்காக ஆப்பு வடிவில் சரிந்திருக்கும் முள்ளெலும்புகள் ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று என்று காட்டியது. வளைவு மூன்று எலும்புகளில் பரவுவதால் கர்ப்பப் பாரம் ஒரே இடத்தில் குவியாது. இந்த வித்தியாசம் இரண்டு மில்லியன் வருடங்களுக்கும் முந்தைய, மனித மூதாதை இனமான ஆஸ்திரலோபித்தகஸின் புதைபடிவங்களிலேயே தெரிகிறதாம். இரண்டு காலில் நிற்க ஆரம்பித்த காலத்திலிருந்தே பெண்ணின் முதுகு இந்தப் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் “உன் முதுகு வீக், அதான் வலிக்குது” என்று யாராவது சொல்லும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

சரி, இப்போது அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். இடுப்பு வளைய வலி இருந்தால் எல்லா யோசனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: இரண்டு பக்கமும் பாரம் சமமாக இறங்க வேண்டும், முழங்கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் திருகக் கூடாது. உள்ளாடை, கால்சட்டை, செருப்பு எதுவானாலும் உட்கார்ந்து போடுங்கள். படி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைத்து, மற்றதை அதே படிக்குக் கொண்டு வாருங்கள். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். வண்டியில் ஏறும்போது ஒரு காலை உள்ளே தூக்கி வைத்து ஏறாமல், முதுகைக் காட்டி இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பை விரித்திருந்தால் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம், வண்டி கிளம்புமுன் பையை எடுத்துவிட வேண்டும். ஒரு தோளில் கனமான பை வேண்டாம், இரண்டு தோளிலும் மாட்டும் பை தேவலை. மூத்த குழந்தையை ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், கையை நீட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையைத் தூக்காமல் இருக்க முடியாது. நான் உட்கார்ந்துகொண்டு மடிக்கு வரவழைத்தேன், ரெண்டு நாளில் அவனுக்குப் பழகிவிட்டது.

படுக்கைதான் பெரிய போராட்டம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பக்கவாட்டில் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது கணுக்காலை. முழங்காலுக்கு மட்டும் தலையணை வைத்தால் பாதம் கீழே தொங்கி, தொடையெலும்பு உள்பக்கம் திருகி, இடுப்பை இழுக்கும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே மட்டமாகத் தாங்கும்படி நீளமான தலையணையோ மடித்த போர்வையோ வேண்டும். வயிற்றுக்கடியில் ஒரு சின்னத் தலையணை. திரும்பும்போது இரண்டு முழங்காலையும் மடக்கி, தலையணையை நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்தபடியே, தோளையும் இடுப்பையும் முழங்காலையும் ஒரே துண்டாக உருட்ட வேண்டும். முதலில் தோளைத் திருப்பிவிட்டு அப்புறம் இடுப்பை இழுத்தால் அந்தத் திருகலில்தான் உயிர் போகிறது. திரும்புவதற்கு முன் மூச்சை வெளியே விட்டுக்கொண்டு இடுப்புத்தளத் தசையை மேலே இழுத்துப் பிடித்தால் இன்னும் சுலபம். வழுக்கலான துணியில் இரவு உடை போட்டால் உருள்வது எளிதாகிறது. எழும்போது பக்கவாட்டில் உருண்டு, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி உட்காருங்கள். கடைசி மூன்று மாதங்களில், அதாவது 28 வாரத்துக்கு மேல், மல்லாந்து படுத்துத் தூங்கப் போக வேண்டாம் என்பது குழந்தையின் நலனுக்காகச் சொல்லப்படுவது. இடது, வலது இரண்டும் பரவாயில்லை. நடுராத்திரி விழித்துப் பார்த்து மல்லாந்து கிடந்தால் பதறாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் போதும்.

இந்த வலியின் ஒரு தந்திரமான குணம், செய்யும்போது தெரியாமல் பின்னால் வந்து பிடிப்பது. காலையில் தெம்பாக இருக்கிறதே என்று வீடு முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, மாலையில் ஒரு காலை எடுத்து வைக்க முடியாமல் போகும். அதனால் ‘வலி வந்தால் நிறுத்துவேன்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. வலி வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். நடை, நிற்பது, உட்கார்வது எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டாக்கி, அரைமணிக்கு ஒரு தடவை நிலையை மாற்றுங்கள். தரையைத் துடைப்பது, கனமான தள்ளுவண்டியைத் தள்ளுவது, குனிந்து திரும்பிப் பாரம் எடுப்பது மாதிரியான வேலைகளை வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இதைப் படிக்கும் கணவர்களுக்கும் அம்மா, மாமியார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பார்ப்பதற்கு அவள் நன்றாகத்தான் இருப்பாள். கட்டோ வீக்கமோ கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் நாடகமாடவில்லை.

முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது, பெரும்பாலும் இன்னும் மோசமாகும், ஏனென்றால் பிடித்து வைக்க வேண்டிய தசைகளே வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தால் பலவீனமாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலக் கவனிப்புப் பரிந்துரைகளில், அடிமுதுகு, இடுப்பு வலியைத் தடுக்கக் கர்ப்பம் முழுவதும் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. வந்துவிட்ட வலிக்கு பிசியோதெரபி, இடுப்புப் பட்டை, அக்குபஞ்சர் ஆகியவற்றைத் தேர்வுகளாகச் சொல்கிறது. ஆய்வுகளின் நிலவரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 34 ஆய்வுகளை, 5,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பிடமிருந்து 2015-ல் வந்தது. உடற்பயிற்சி அடிமுதுகு வலியைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இருந்தது, ஆனால் அந்த ஆதாரத்தின் தரம் அவ்வளவு உயர்ந்ததல்ல. இடுப்பு வலிக்குக் குழுவாகச் செய்யும் பொதுப் பயிற்சி வகுப்புகள் வழக்கமான கவனிப்பைவிடப் பெரிதாக உதவவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒருவருக்கு இடது பின் மூட்டு, இன்னொருவருக்கு முன் இணைப்பு, இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பயிற்சி கொடுத்தால் எப்படி? முன் இணைப்பில் வலி உள்ளவருக்குக் காலை அகட்டும் எந்தப் பயிற்சியும் ஆகாது. நீச்சலிலும் தவளை மாதிரி காலை உதைக்கும் பாணி வேண்டாம். சுவீடனில் 386 பெண்களிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஒவ்வொருவருக்கும் இடுப்பை நிலைநிறுத்தும் பயிற்சி சேர்த்தபோது வலி நன்றாகக் குறைந்தது. அக்குபஞ்சர் சேர்த்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஆக ஆளைப் பார்த்து, தொட்டுப் பார்த்துப் பயிற்சி சொல்லித் தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் ஒரு தடவையாவது போய்விடுங்கள்.

அதுவரை வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியவை உண்டு. கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி மெதுவாக மேலே வளைத்து மறுபடி சமமாக்குவது அடிமுதுகுக்கு அருமருந்து. குழந்தையின் பாரம் கொஞ்ச நேரம் முதுகை விட்டு இறங்குவதே தனி சுகம். சுவரில் சாய்ந்து நின்று, அடிமுதுகைச் சுவரோடு ஒட்ட அழுத்தி விடுவது. உட்கார்ந்தபடி முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து மெல்ல அழுத்தி ஐந்து எண்ணி விடுவது. இடுப்புத்தளத் தசையை, சிறுநீரை அடக்குவது போல, உள்ளே மேலே இழுத்துப் பிடித்து முழுதாகத் தளர்த்துவது. தளர்த்துவதை விட்டுவிடாதீர்கள், அதுவும் பாதிப் பயிற்சி. கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பதும் நடப்பதும் பாரத்தை எடுத்துவிடும். எது செய்தாலும் அன்றிரவும் மறுநாள் காலையும் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

இடுப்புப் பட்டை பற்றி. வயிற்றைக் கீழிருந்து தாங்கும் அகலப் பட்டை வேறு, இடுப்பு எலும்பைச் சுற்றி இறுக்கும் ஒடுக்கமான பட்டை வேறு. முதலாவது அடிமுதுகின் பாரத்தைக் குறைக்கும். இரண்டாவது, அந்தச் சோதனையில் கை வைத்து அழுத்தினார்களே, அந்த வேலையைச் செய்யும். பின் மூட்டு வலிக்கு இடுப்பெலும்பின் முன் முனைகளுக்குச் சற்றுக் கீழே கட்டுவதும், முன் இணைப்பு வலிக்கு இன்னும் தாழ்த்திக் கட்டுவதும் பொருந்தும். நடக்கும்போது, வேலை செய்யும்போது மட்டும் போட்டுக்கொண்டு, உட்கார்ந்ததும் கழற்றிவிடுங்கள். போட்டதும் வலி கூடினால் அது உங்களுக்கு வேண்டாம்.

வெதுவெதுப்பான ஒத்தடம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் உடம்பு முழுவதும் சூடேறும் அளவுக்கு வெந்நீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடப்பது கர்ப்பத்தில் கூடாது. மாத்திரையில், பாராசிட்டமால் மருத்துவரைக் கேட்டு, குறைந்த அளவில், சில நாளுக்கு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையறாவைச் சொந்தமாக எடுக்கவே கூடாது. 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வலிக்குத் தடவும் களிம்புகளிலும் இதே மருந்துதான் பெரும்பாலும் இருக்கிறது, அதையும் கேட்காமல் தடவாதீர்கள்.

எல்லா இடுப்பு வலியும் மூட்டு வலி அல்ல. 37 வாரத்துக்கு முன் வலி விட்டு விட்டு, சீரான இடைவெளியில், இறுக்கிப் பிடித்து விடுகிற மாதிரி வந்தால், கூடவே ரத்தமோ நீரோ கசிந்தால், அது முன்கூட்டியே தொடங்கும் பிரசவமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் வலித்து, காய்ச்சலும் நடுக்கமும் சிறுநீர் எரிச்சலும் இருந்தால் சிறுநீரகத் தொற்று. கால் இடையில், சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனால், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றால், கால் பலமிழந்தால், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், அது நரம்பு சம்பந்தப்பட்டது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எப்படிப் படுத்தாலும் மாறாமல் ராத்திரி முழுக்க ஒரே சீராக வலிப்பதையும், கடைசி மாதங்களில் கவட்டையில் வலி வந்து அந்தக் காலை ஊன்றவே முடியாமல் போவதையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். முன் எலும்பு விலகுகிறது என்று எங்கோ படித்துவிட்டு, ஒவ்வோர் அடியிலும் ஏதோ கிழிகிற மாதிரி நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அந்தப் பயம் தசையை இறுக்குகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் சக்தி குறைகிறது. வலி கற்பனை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூடுதல் உஷாராகிவிடும், சின்ன அசைவையும் பெரிதாகக் கத்திச் சொல்லும். இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டி உண்மையாகவே மூட்டு பிரிவது மிக அரிது, அதுவும் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் நடப்பது. உங்கள் வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது குழந்தையைத் தொடுவதில்லை.

பிரசவத்துக்கு முன் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மல்லாந்து சாய்ந்து முழங்காலை மடக்கி, வலிக்காமல் எவ்வளவு தூரம் முழங்கால்களை அகட்ட முடிகிறது என்று அளந்து குறித்து வையுங்கள். பிரசவ அறையில் வலியை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுவிட்டால் இடுப்பு வலி தெரியாது, உதவி செய்பவர்கள் காலை அந்த அளவுக்கு மேல் பிரித்துவிட வாய்ப்பு உண்டு. அடுத்த நாள்தான் தெரியும். அளவைக் குறிப்பேட்டில் எழுதி, உடன் வருபவரிடமும் சொல்லி வையுங்கள். பக்கவாட்டில் படுத்து, அல்லது கையையும் முழங்காலையும் ஊன்றிப் பிரசவிப்பது இடுப்புக்கு இதமானது, முடியுமா என்று முன்பே கேளுங்கள். இடுப்பு வலிக்காக மட்டும் சிசேரியன் செய்துகொள்ளலாமா என்று நானும் யோசித்தேன். கர்ப்பத்தில் இந்த வலி இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நார்வேப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தபோது, திட்டமிட்ட சிசேரியன் செய்துகொண்டவர்களிடம்தான் ஆறு மாதம் கழித்தும் கடுமையான இடுப்பு வலி அதிகமாக இருந்தது. வேறு காரணத்துக்காகச் சிசேரியன் தேவைப்பட்டால் அது வேறு விஷயம்.

குழந்தை பிறந்த பின் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் குறைந்துவிடும். பால் கொடுக்கும்போது குழந்தையை மார்பு உயரத்துக்குத் தலையணையால் தூக்கி வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்த்து உட்காருங்கள், குனிந்து கொடுத்தால் அடிமுதுகு மறுபடி ஆரம்பித்துவிடும். மூன்று மாதம் கழித்தும் புரள, நடக்க, படியேற வலித்தால் இனியும் தானாகப் போகும் என்று விடாதீர்கள். பிரசவம் முடிந்தபின் இந்த வலியை யாரும் கேட்பதில்லை, எல்லோர் கவனமும் குழந்தை மேல்தான் இருக்கும், நாமே வாய் திறந்தால்தான் உண்டு. சொல்லும்போது ‘இடுப்பு வலிக்குது’ என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு விடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று விரலால் காட்டி, எது செய்ய முடியவில்லை, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, ராத்திரி எத்தனை தடவை விழிக்கிறேன் என்று எண்ணிக்கையோடு சொல்லி, பிசியோதெரபிக்கு எழுதித் தருகிறீர்களா என்று நேராகக் கேளுங்கள்.

இரண்டாவது முறை எனக்கு வலி ஐந்தாம் மாதமே வந்தது. அந்த வாரமே பிசியோதெரபிஸ்டிடம் போய், சட்டையைக் கொஞ்சம் தூக்கி, பின்னால் வலதுபக்கக் குழியில் விரலை வைத்து, இங்கே என்று காட்டினேன்.